பஸ் நிற்பதற்கு முன்பே நின்றுபோனவை

சம்பள உயர்வுக்காக பஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யலாமா என்று கேட்டால் செய்யலாம் என்றுதான் சொல்வேன். சொன்ன கையோடு கொஞ்சம் சங்கடமும் படுவேன். தமிழ்நாட்டில் அரசு பஸ் நின்றால் முதலில் மாட்டிக்கொள்பவர் அமைச்சரோ துறைச் செயலரோ அல்ல. விடியற்காலையில் கீரைக்கட்டுகளோடு சாலையோரம் நிற்கும் பெண்ணும், செமஸ்டர் தேர்வுக்குக் கிளம்பிய கல்லூரி மாணவனும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாதாந்திர மாத்திரை வாங்கப் போகும் சர்க்கரை நோயாளியும்தான் முதலில் தவித்து நிற்கிறார்கள். என் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். தஞ்சாவூர் கும்பகோணம் சாலையில் தனியார் பஸ் ஒன்று போய்விட்டால் பின்னாலேயே இன்னொன்று வரும். வாய்க்கால் தாண்டி உள்ளே இருக்கும் ஊர்களுக்கு அப்படி இல்லை. பல ஊர்களுக்கு அரசு டவுன் பஸ் மட்டும்தான். அது வராத நாளில் ஷேர் ஆட்டோக்காரர் சொல்வதுதான் கட்டணம்.

இதைத் தெரிந்துகொண்டும் செய்யலாம் என்று ஏன் சொல்கிறேன் என்பதை 2018 ஜனவரியிலிருந்து தொடங்கினால்தான் விளக்க முடியும்.

அந்த ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி ஊதியப் பேச்சுவார்த்தை முறிந்தது. அன்று மாலையே பஸ்கள் பணிமனைக்குத் திரும்பத் தொடங்கின. தொழிற்சங்கங்கள் கேட்டது 2.57 என்ற பெருக்கல் காரணி. பழைய அடிப்படைச் சம்பளத்தை எத்தனையால் பெருக்கிப் புதிய சம்பளத்தை நிர்ணயிப்பது என்ற கணக்கு அது. அரசு ஊழியர்களுக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் 2.57 கிடைத்திருந்தது. போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு அரசு கொடுக்க முன்வந்தது 2.44. வித்தியாசம் 0.13 என்று பார்த்தால் ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். அடிப்படை 10,000 ரூபாய் வாங்கியவருக்கு மாதம் 1,300 ரூபாய் அது. ஆயுள் முழுவதும், ஓய்வூதியக் கணக்கு வரைக்கும் அந்தக் குறைவு கூடவே வரும்.

வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த ஜனவரி 10ஆம் தேதி சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. சட்டமன்ற உறுப்பினர்களின் மாத ஊதியத்தை 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்தும் மசோதா. இதை எந்தக் காரணியால் பெருக்கினார்கள் என்று கணக்குப் போடுவதை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் காரணி விவகாரம் அல்ல. தேதிகள்தான். பழைய ஊதிய ஒப்பந்தம் 2016 ஆகஸ்ட் மாதமே காலாவதியாகிவிட்டது. புதிய ஒப்பந்தம் 2016 செப்டம்பரில் நடப்புக்கு வந்திருக்க வேண்டும். வேலைநிறுத்தம் தொடங்கியது 2018 ஜனவரியில். நடுவில் பதினாறு மாதங்கள். பேச்சுவார்த்தை நடக்கும், தள்ளிப்போகும், அமைச்சர் வெளியூரில் இருப்பார், அடுத்த தேதி அறிவிப்பார்கள். அந்தப் பதினாறு மாதத்தில் ஒரு நாளாவது தொலைக்காட்சிகள் இதைப் பற்றி விவாதம் நடத்தியதாக எனக்கு நினைவில்லை. பஸ் நின்ற மறுநாள் காலை எல்லாச் சேனல்களும் பேருந்து நிலையத்தில் மைக்கோடு நின்றன. பொங்கல் நேரத்தில் மக்களைப் பணயம் வைக்கிறார்கள் என்றன.

பொங்கல் நேரம்தான். அதில் சந்தேகமில்லை. சங்கங்கள் அந்த நேரத்தைத் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தன, இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் ஆடி மாதத்தில் கேட்டபோது காது கொடுக்காதவர்கள் தை பிறக்கும்போது மட்டும் ஓடிவந்து பேச்சுவார்த்தைக்கு அழைக்கிறார்கள் என்றால், கேட்பவன் எந்த மாதத்தைத் தேர்ந்தெடுப்பான்?

இந்தத் தாமதம் ஒரு கட்சிக்கோ ஒரு ஆட்சிக்கோ உரியது அல்ல. அதற்கடுத்த ஒப்பந்தம் 2019 செப்டம்பரில் தொடங்க வேண்டியது, கையெழுத்தானது 2022 ஆகஸ்டில். நடுவில் கொரோனா வந்ததை மறுக்கவில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை என்றிருந்த ஒப்பந்தக் காலம் அப்போதுதான் நான்காண்டாக நீட்டப்பட்டது. அதற்கும் அடுத்தது 2023 செப்டம்பரில் வர வேண்டியது, 2025 மே மாதக் கடைசியில்தான் முடிவானது. உயர்வு 6 சதவீதம். ஆட்சி மாறியது, அமைச்சர் மாறினார், பஸ்ஸின் நிறம்கூட மாறியது. தள்ளிப்போடுவது மட்டும் மாறவில்லை.

அதனால் இந்த வேலைநிறுத்தங்களை ‘சம்பள உயர்வுக்கான’ போராட்டம் என்று அழைப்பதே பாதிதான் சரி. மீதிப் பாதி, ஏற்கெனவே சம்பாதித்த பணத்தைக் கேட்கும் போராட்டம். 2017 மே மாதம் 15ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றவர்களுக்குப் பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் வந்து சேரவில்லை என்பது அதன் மையக் கோரிக்கைகளில் ஒன்று. பணியில் இருப்பவர்களின் சம்பளத்திலிருந்து வைப்பு நிதிக்கும், ஆயுள் காப்பீட்டுக்கும், கூட்டுறவுச் சங்கக் கடனுக்கும் பிடித்த தொகை உரிய இடத்துக்குப் போகாமல் டீசலுக்கும் டயருக்கும் செலவாகிவிட்டது என்று சங்கங்கள் கணக்கு வைத்தன. சீட்டு நடத்துபவர் சீட்டுப் பணத்தை எடுத்துத் தன் கடைக்குச் சரக்கு வாங்கினால் ஊர் சும்மா விடுமா? அந்த வேலைநிறுத்தம் 1,250 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அரசு உறுதி சொன்ன பிறகு முடிந்தது. அவ்வளவு தொகையைக் கொடுக்க ஒப்புக்கொண்டதிலிருந்தே பாக்கி எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

2024 ஜனவரி 9ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தத்திலும் இதே கதைதான். ஓய்வூதியர்களின் அகவிலைப்படி 2015ஆம் ஆண்டிலிருந்தே உயராமல் நின்றிருந்தது. எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டில் துவரம்பருப்பு என்ன விலை ஏறியது, எரிவாயு சிலிண்டர் என்ன விலை ஏறியது என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சென்னை உயர்நீதிமன்றம் பண்டிகை நேரத்தில் ஏன் மக்களைச் சிரமப்படுத்துகிறீர்கள் என்று சங்கங்களைக் கேட்டது. ஜனவரி மாதத்துக்காவது அகவிலைப்படி கொடுத்தால் என்ன என்று அரசையும் கேட்டது. தொடங்கிய மறுநாளே வேலைநிறுத்தம் தள்ளிவைக்கப்பட்டது, பஸ்கள் ஓடின, ஊர் பொங்கல் கொண்டாடியது.

சட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும் ஓர் இடம் உண்டு. பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை நின்று படித்திருக்கிறீர்களா? ‘அரசுப் போக்குவரத்துக் கழகம்’ என்று போட்டு, அடைப்புக்குள் கோட்டத்தின் பெயர் போட்டு, கடைசியில் ‘லிட்’ என்று இருக்கும். கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனங்கள் இவை. 1972இல் சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என்று பிறந்து, 1997இல் அந்தப் பெயர்களை உதறிவிட்டு, சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகமாகவும் மற்ற இடங்களில் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயருக்கும் வந்தவை. எனவே இதன் தொழிலாளி அரசு ஊழியர் அல்ல. அரசு ஊழியருக்குக் கிடைத்த 2.57 அவருக்குக் கிடைக்காது, ஏனென்றால் அவர் கம்பெனி ஆள். ஆனால் வேலைநிறுத்தம் என்று வாயைத் திறந்ததும் அவர் அத்தியாவசியப் பொதுச் சேவை ஆகிவிடுகிறார். பொதுநல வழக்கு வருகிறது, உடனே பணிக்குத் திரும்பு என்று உத்தரவு வருகிறது, மீறினால் நடவடிக்கை என்று சுற்றறிக்கை வருகிறது.

2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் நடத்திய வேலைநிறுத்தத்தை இந்த மாநிலம் மறந்திருக்காது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர் டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டில் தீர்ப்பு சொன்னது: அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மீக உரிமையோ கிடையாது. தார்மீகத்தைக்கூட நீதிமன்றம் விட்டுவைக்கவில்லை. பஸ் தொழிலாளி அந்தத் தீர்ப்பு பேசும் அரசு ஊழியர் அல்ல. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் அவருக்கு வேலைநிறுத்த உரிமையை, முன்னறிவிப்பு நோட்டீஸ், பதினான்கு நாள் காத்திருப்பு, சமரசப் பேச்சு நடக்கும்போது கூடாது என்ற நிபந்தனைகளோடு விட்டுவைத்தது. ஆனால் நோட்டீஸ் கொடுத்ததும் தொழிலாளர் நலத்துறை சமரசப் பேச்சைத் தொடங்கும். பேச்சு நடக்கும்வரை வேலைநிறுத்தம் சட்டவிரோதம். பேச்சை நீட்டுவது யார் கையில்? இந்த ஏற்பாட்டில் சட்டப்படி வேலைநிறுத்தம் செய்துகாட்டுவது ஏறத்தாழ முடியாத காரியம்.

என் பெரியப்பா ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். நைட் ஹால்ட் வண்டிதான் அவருக்கு வெகுகாலம். கடைசி சிங்கிள் ஒரு கிராமத்தில் போய் முடியும். அங்கேயே பஸ் சீட்டில் படுத்து, கொசுவுக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கி, விடியுமுன் எழுந்து முதல் சிங்கிள் எடுப்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் திருவிழாவுக்குப் படையல் சோறு கொடுத்து அனுப்புவார்கள். வேலைநிறுத்தம் பற்றி அவர் எனக்குச் சாதகமாகவும் பேசமாட்டார், எதிராகவும் பேசமாட்டார். ஒருமுறை விடாமல் கேட்டபோது, “தம்பி, ஸ்டிரைக் அன்றைக்கு எனக்குச் சம்பளம் கிடையாது. கலெக்‌ஷன் பேட்டாவும் கிடையாது. வீட்டில் உட்கார்ந்திருந்தால், அந்த ஊரில் முதல் வண்டிக்கு யார் யார் நிற்பார்கள் என்று பெயரோடு ஞாபகம் வரும். சந்தோஷமாக யாரும் வண்டியை நிறுத்துவதில்லை” என்றார். “அப்படியானால் செய்திருக்க வேண்டாமே பெரியப்பா?” என்று கேட்டேன். “செய்யாதிருந்தால் அந்தப் பெயர்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். மேலே இருப்பவருக்குத் தெரிந்திருக்காது” என்றார்.

பணம் இல்லை என்பது அரசின் நிரந்தர பதில். அது பொய்யும் அல்ல. பஸ் கட்டணம் 2001 டிசம்பரில் ஏறியது. பிறகு பத்து ஆண்டுகள் அசையவில்லை. 2011 நவம்பரில் ஏறியது, பிறகு 2018 ஜனவரி வரை அசையவில்லை. அதற்குள் டீசல் விலை எங்கோ போய்விட்டது. 2013இல் மொத்தமாக டீசல் வாங்குவோருக்கு மத்திய அரசு தனி விலை வைத்தபோது, அந்த விலைக்குத் தப்ப அரசு பஸ்கள் சில்லறை பங்க்குகளில் கார்களோடும் லாரிகளோடும் வரிசையில் நின்ற வேடிக்கையையும் பார்த்தோம். கட்டணத்தை ஏற்றாதது அரசியல் முடிவு. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் கொண்டுவந்த இலவசப் பயணமும் அரசியல் முடிவுதான். நான் அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதனால் வேலைக்குப் போகத் தொடங்கிய பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் இரண்டுக்கும் விலை உண்டு. மலிவான பயணத்தைப் பொதுநலம் என்று அரசு தீர்மானித்தால் அதன் செலவு கருவூலத்திலிருந்து வர வேண்டும். நெடுங்காலமாக அதில் ஒரு பங்கு ஓட்டுநரின் வைப்பு நிதியிலிருந்தும், ஓய்வு பெற்ற நடத்துநரின் அகவிலைப்படியிலிருந்தும் வந்திருக்கிறது. கழகம் நஷ்டத்தில் ஓடுகிறது என்ற வாக்கியத்தை நான் இப்போதெல்லாம் இப்படித்தான் படிக்கிறேன்.

இன்னொரு விஷயம். 2018 வேலைநிறுத்தம் ஜனவரி 11ஆம் தேதி முடிந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை மத்தியஸ்தராக உயர்நீதிமன்றம் நியமித்தது. ஒன்பதே நாள் கழித்து, ஜனவரி 20ஆம் தேதி கட்டண உயர்வு நடப்புக்கு வந்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்து போராடிய பிறகு அந்த மாதமே கொஞ்சம் குறைத்தார்கள். தெலங்கானாவில் 2019 அக்டோபர் 5ஆம் தேதி, தசரா நேரத்தில், ஆர்டிசி எனும் அந்த மாநில அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தொழிலாளர்கள் ஏறத்தாழ 48,000 பேர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அன்றைய முதலமைச்சர் சந்திரசேகர ராவ், தொழிலாளர்கள் தாங்களே தங்களை வேலைநீக்கம் செய்துகொண்டார்கள் என்று அறிவித்தார். 52 நாள் நடந்தது. தொழிலாளர்கள் சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். கோரிக்கை எதுவும் நிறைவேறாமல் சங்கம் போராட்டத்தைக் கைவிட்டது. பிறகு அரசு அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. டிசம்பர் தொடக்கத்தில் கிலோமீட்டருக்கு 20 பைசா கட்டணம் ஏறியது. இரண்டு மாநிலங்களிலும் வரிசை ஒன்றுதான். பல ஆண்டு துணியாத கட்டண உயர்வை வேலைநிறுத்தத்தின் நிழலில் செய்துமுடிக்கிறார்கள். டிக்கெட் விலை ஏறியதற்குப் பயணி நடத்துநரைத் திட்டுகிறார். அரசுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடைக்குமா?

சங்கங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இராது. 2018இல் அதிமுக ஆட்சி. திமுகவின் தொமுச வேலைநிறுத்தத்தின் முன்வரிசையில் நின்றது. அதிமுகவின் அண்ணா தொழிற்சங்கப் பேரவை 2.44க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்களை ஓட்டச் சொன்னது. 2024இல் திமுக ஆட்சி. இப்போது அண்ணா தொழிற்சங்கப் பேரவை வேலைநிறுத்தத்தில், தொமுச பஸ்ஸை ஓட்டும் பக்கத்தில். கோரிக்கை அதே. பணிமனை அதே. கொடிக்கம்பங்கள் அதே வாசலில்தான் நிற்கின்றன. இரண்டு முறையும் வெளியே நின்ற சிஐடியு, ஏஐடியுசி போன்ற இடதுசாரிச் சங்கங்களுக்கு அந்த மரியாதையைக் கொடுக்கத்தான் வேண்டும். மக்கள் இதைக் கவனிப்பதில்லை என்று சங்கத் தலைவர்கள் நினைக்கிறார்கள் போலும். எங்கள் தெரு டீக்கடையில் ஸ்டிரைக் என்றதும் எழும் முதல் கேள்வி ‘எந்தக் கட்சிக்காரன் ஸ்டிரைக்?’ என்பதுதான். தொழிலாளியின் நியாயத்தை இந்தளவுக்குக் கெடுத்தது வேறெதுவும் இல்லை. தன் கட்சி கோட்டையில் இருக்கும்போது வேலைநிறுத்தம் செய்யாத சங்கத்துக்கு, எதிர்க்கட்சியாக இருக்கும்போது மக்களைச் சாலையில் நிறுத்த என்ன தகுதி இருக்கிறது என்று பயணி கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பஸ்ஸை நிறுத்தாமல் போராட வழியில்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். 2018இல் ஜப்பானின் ஒகயாமா நகரில் ஓட்டுநர்கள் பஸ்ஸை ஓட்டிக்கொண்டே கட்டணம் வாங்க மறுத்துப் போராடினார்கள். படிக்கும்போது ஆசையாகத்தான் இருக்கிறது. இங்கே நடக்காது. டிக்கெட் கொடுக்காமல் ஆள் ஏற்றிய நடத்துநரைப் பரிசோதகர் பிடித்தால் அது போராட்டம் ஆகாது, பண மோசடி ஆகும், வேலை போகும். தவிர டவுன் பஸ்ஸில் பயணிகளில் பெரும்பகுதி ஏற்கெனவே இலவசச் சீட்டில் போகும் பெண்கள். வசூலிக்காத கட்டணத்தை இன்னொரு முறை வசூலிக்காமல் விட்டு யாரை மிரட்டுவது? விரதம் இருப்பது, கருப்புப் பட்டை கட்டுவது, வாயில் கூட்டம் நடத்துவது எல்லாம் இவர்கள் செய்து பார்த்தவைதான். அந்தச் செய்திகள் மாவட்டப் பதிப்பின் ஐந்தாம் பக்கத்தைத் தாண்டியதில்லை. ஆளில்லாத பஸ்ஸுக்குத் தற்காலிக ஓட்டுநர்களை ஏற்றுவது அரசின் பக்கத்து மாற்று. 2018இல் அதைச் செய்தார்கள். வழியில் மோதிய வண்டிகளின் படங்கள் மறுநாள் நாளிதழ்களில் வந்தன. இருபதாயிரம் சொச்சம் பஸ்களை ஓட்டுவது யாரும் செய்யக்கூடிய வேலை என்ற நினைப்பு அந்த வாரம் கொஞ்சம் அடங்கியது.

என் ஆசை பெரிதில்லை. ஒப்பந்தம் காலாவதியாகும் நாளில் புதிய ஒப்பந்தம் தயாராக இல்லையென்றால், மறுமாதச் சம்பளத்திலேயே ஓர் இடைக்கால உயர்வு தானாகச் சேர வேண்டும். தள்ளிப்போடுவதால் அரசுக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது என்று ஆகிவிட்டால் தள்ளிப்போட மாட்டார்கள். பிடித்தம் செய்த பணத்தைத் தொடக் கூடாது. இதைச் சட்டமாகச் செய்துவிட்டு, பண்டிகைக்கு முந்தைய பத்து நாள் வேலைநிறுத்தம் கூடாது என்று தடை போட்டாலும் நான் எதிர்க்க மாட்டேன். முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதை மட்டும் கேட்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஆனால் இந்த விவாதம் முழுவதும் பழையதாகிவிடக்கூடும் என்ற கவலையும் இருக்கிறது. 2023 மே 29ஆம் தேதி மாலை சென்னையில் மாநகரப் பஸ்கள் திடீரென்று நின்றன. நோட்டீஸ் இல்லை, எதுவும் இல்லை. வேலை முடிந்து வீடு திரும்பக் காத்திருந்தவர்கள் கொதித்தார்கள், அது நியாயமான கோபம். காரணம், ஒப்பந்ததாரர் மூலம் ஓட்டுநர்களை எடுப்பதற்கான எதிர்ப்பு. சில மணி நேரத்தில் பேசி முடித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து 2025 ஜூன் 30ஆம் தேதி வியாசர்பாடியில் 120 தாழ்தள மின்சாரப் பஸ்களைத் தொடங்கிவைத்தார்கள். நல்ல வண்டிகள், சத்தமில்லை, புகையில்லை, சக்கர நாற்காலி ஏறுகிறது. பஸ் தனியார் நிறுவனத்துடையது. ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று மாநகரப் போக்குவரத்துக் கழகம் அந்த நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. ஓட்டுநர் அந்த நிறுவனத்தின் ஆள், நடத்துநர் கழகத்தின் ஆள். ஒரே வண்டியில் முன்னால் இருப்பவருக்கு ஒரு முதலாளி, பின்னால் இருப்பவருக்கு வேறொரு முதலாளி. முன்னிருக்கைக்காரர் சம்பளம் கூடக் கேட்டால் அரசு ஒப்பந்ததாரரைக் காட்டும், ஒப்பந்ததாரர் கிலோமீட்டர் விலையைக் காட்டுவார். பின்னால் இருப்பவர் வேலைநிறுத்தத்தில் இறங்கும் நாளில் முன்னால் இருப்பவர் வண்டியை எடுப்பாரா மாட்டாரா என்பதற்கு இதுவரை எந்தச் சங்கமும் விடை வைத்திருப்பதாகத் தெரியவில்லை.